மதகுருமாருக்கு மட்டும்

…இல்லை, மகளின் இடது காலுக்குத்தான் முதலில் சப்பாத்து மாட்டினாள், அதில் பிசகில்லை, தேத்தண்ணீரை நீலக் கோப்பையில்தான் கொடுத்தாள், ஊதவும் இல்லை, ஊதிவிட்டால் அந்தத் தேத்தண்ணீர் டிலக்ஷிக்கு ஆகாது, அப்படியிருக்கத் தோட்டத்து லயத்திலிருந்து சந்திக்கு இறங்கும் படிகளில் பிள்ளை ஏன் இரண்டு தடவை நின்றாள், எதையோ மாற்றிச் செய்துவிட்டோம் போல, என்னத்தை… அகஸ்டினா ஒரு கையில் குடையும் மறு கையில் மகளின் பை வாருமாக நின்றபடி, நான்கு மணிக்கு எழும்பியதிலிருந்து நடந்த ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். டிலக்ஷிக்கு ஒன்பது வயது. கையைப் பிடித்தால் உதறுவாள், பை வாரைப் பிடித்தால் பொறுத்துக்கொள்வாள், தாய்க்கும் மகளுக்கும் உள்ள பிடி அவ்வளவுதான். பதுளை ஆஸ்பத்திரி டொக்டர் அதற்கு ஓட்டிசம் என்று பேர் சொன்னார், லயத்தில் யாருடைய வாயிலும் அது நுழையவில்லை, 'அகஸ்டினா புள்ள ஒரு மாதிரி' என்று சுருக்கமாக முடித்துவிட்டார்கள், அந்த ஒரு மாதிரிக்குள் எத்தனை மாதிரி இருக்கிறது என்று ஒரே ஒரு நாள் வந்து பார்க்கட்டும், ஆறு பத்து பஸ்ஸில் இவளை ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும்…

பஸ் புறப்படுவதே இந்தச் சந்தியிலிருந்துதான், அதனால் எப்போதும் காலியாக வரும், ஆனாலும் தினமும் ஏறுமுன் எட்டிப் பார்ப்பாள், யாராவது முந்திக்கொண்டு அந்த ஸீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது. இன்றைக்கும் இல்லை. டிலக்ஷி நேராகப் போய்க் கதவை அடுத்த முதல் ஸீட்டில், ஜன்னலோரம், முன்னால் உள்ள இரும்புக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், பக்கத்தில் அகஸ்டினா. தலைக்கு மேலே மூன்று மொழியில் எழுதியிருக்கிறது, மதகுருமாருக்கு மட்டும் என்று. வாசிக்கத் தெரியாமல் இல்லை. போன வருடம் பதுளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன முதல் நாள் நன்றாக வாசித்துவிட்டு, யோசித்துவிட்டுத்தான் பிள்ளையை அதில் உட்காரவைத்தாள், அதுதான் வேடிக்கை. தோட்டத்துக் கோயிலுக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு பூசை வைக்க வரும் பாதர்தான் அவள் மனதில் வந்தார், பாதர் மோட்டார் சைக்கிளில் போகிறவர், அவருக்கு எதற்கு பஸ், ஆக இந்த ஸீட்டுக்கு ஆள் வரப்போவதில்லை, பதுளை வரை பிள்ளையை யாரும் எழுப்பப்போவதில்லை… என்ன கெட்டிக்காரத்தனம். வெசாக்குக்கு வெசாக் புத்த பன்சலை வாசலில் சும்மா சோறு போடும் தன்சலில் வரிசையாக நின்று வாங்கித் தின்றவளுக்கு, காவி கட்டிய ஹாமதுருமாரின் ஞாபகமே வரவில்லை. வந்தபோது இரண்டு கிழமை ஓடிவிட்டது, பின்னால் மாற்றி உட்காரவைத்துப் பார்த்தாள், டிலக்ஷி பஸ்ஸின் தரையில் படுத்துவிட்டாள், ஏழாங்கட்டை மைல்கல் வரை ஆட்களின் கால்களுக்கு நடுவில் கிடந்தாள், தாயும் கூடவே குந்தியிருந்தாள். முதல் நாள் உட்கார்ந்த இடம்தான் இடம். கொண்டக்டர் ஸனூஸ் அன்றைக்கு எதுவும் பேசாமல் டிலக்ஷியைத் தாண்டித் தாண்டி டிக்கெட் கொடுத்தான், மறுநாள் அவனாகவே, 'முன்னுக்கே இருங்க அக்கா, இந்த ரோட்டுல யாரும் வாரதில்ல' என்றான். நல்ல பிள்ளை.

பள்ளிக்கூடத்தை மட்டும் விட முடியாது, அதை அவள் நூறு தடவை யோசித்துவிட்டாள். விசேட கல்வி அலகு என்று பெரிய பெயர், பார்த்தால் ஒரே ஒரு அறை, பதினோரு பிள்ளைகள், ஜெஸீமா டீச்சர். போன வருடம் வரை துணியில் போய்க்கொண்டிருந்த பிள்ளை இப்போது கழிவறைப் படம் போட்ட அட்டையை எடுத்துவந்து கையில் வைக்கிறாள், தாகம் என்றால் தண்ணீர்ப் படம், முதல் தடவை அந்த அட்டையை வீட்டில் நீட்டியபோது அகஸ்டினா அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஆனால் டீச்சர் போன மாதம் மெதுவாகச் சொன்னார், 'பேர் குடுத்துட்டு நிறையப் பேர் பாத்துக்கிட்டு இருக்காங்க அகஸ்டினா, தொடர்ந்து வராட்டி என்னால ஒண்ணும் செய்ய ஏலாது.' அதனால் காய்ச்சலென்றாலும் மழையென்றாலும் கொண்டுபோகிறாள், விட்டுவிட்டுத் திரும்பினால் மறுபடி போய்க் கூட்டிவரப் பஸ் ஒத்துவராது, மத்தியானம் வரை பள்ளி மதிலோரம் உட்கார்ந்திருக்கிறாள், பெரட்டுக்குப் போய் ஒரு வருடமாகிறது, காலையில் மலைக்குப் போகுமுன் கங்காணி ஒவ்வொருத்தியாகப் பேர் கூப்பிடுவாரே, அதில் அவள் பேரை இப்போது கூப்பிடுவதேயில்லை. கபிரியேல் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறான், ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்வான், 'அங்க வுட்டுட்டு நீ வேலைக்குப் போ புள்ள, எதுக்கு அங்கயே குந்திக்கிட்டு இருக்க.' எவ்வளவு சுலபம். புருஷனுடைய புத்திமதிக்கு மட்டும் பஸ் பிடிக்கத் தேவையில்லை…

ஏழாங்கட்டையில் பஸ் நின்றபோது அவள் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள், காவி நிறம் கண்ணில் பட்டபிறகுதான் நிமிர்ந்தாள். ஒரு ஹாமதுரு ஏறிக்கொண்டிருந்தார், அறுபது வயதிருக்கும், ஒரு காலில் பாதம் முழுக்கத் துணிக்கட்டு, கையில் குடையும் கிளினிக் கொப்பியும், படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினார். அகஸ்டினா சட்டென்று எழும்பிவிட்டாள். டிலக்ஷி எழும்பவில்லை. எப்படி எழும்புவாள்? அகஸ்டினா விட்ட இடத்தில் ஹாமதுரு உட்காரலாம் என்றால் பக்கத்தில் பெண்பிள்ளை, அது ஆகாது, பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும், கம்பியில் நெற்றியை வைத்திருந்த ஒருத்திக்கு மட்டும் தெரியாது. பின்னால் பள்ளிப் பிள்ளைகளும் கந்தோர் வேலைக்குப் போகிறவர்களுமாக நிறைந்திருந்தார்கள். ஸனூஸ் ஓடிவந்தான். 'அக்கா, எழும்பச் சொல்லுங்க. இன்டைக்கு மட்டும்.' 'அவ எந்திரிக்க மாட்டா தம்பி. ஒங்களுக்குத் தெரியுந்தானே.' 'தெரியும் அக்கா… ஆனா பாருங்க.' அவன் முகம் வெளிறியிருந்தது, பாவம், ஹாமதுருவை நிற்கவைத்துவிட்டு நிற்கிற முஸ்லிம் பையன், நாளைக்கு யார் என்ன சொல்வார்களோ என்று அவனுக்குப் பயம், தனக்கும்தான், தமிழ்ப் பொம்பிளை ஒருத்தி எழும்பமாட்டேன் என்றாளாம் என்று எங்கேயாவது… அவள் டிலக்ஷியின் இடுப்பில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். செய்திருக்கக் கூடாது. டிலக்ஷி கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அலறினாள், சொல் இல்லாத அலறல், அகஸ்டினாவின் வலது கைப்பெருவிரலுக்குக் கீழே சதையில் பல்லைப் பதித்தாள். பின்னாலிருந்து ஒரு பெண் சிங்களத்தில் ஏதோ சொன்னாள், இறக்கிவிடச் சொல்கிறாள் என்பது மட்டும் விளங்கியது. இறங்கிவிடலாமா, இறங்கினால் இந்தக் கட்டையில் நின்று என்ன செய்வது, வேறு பஸ்ஸில் ஏறமாட்டாள், திரும்பிப் போகவும் பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை…

இரண்டாவது வரிசையில் இருந்த இரண்டு ஆண்கள் எழும்பி இடம் கொடுத்தார்கள், ஹாமதுரு அங்கே உட்கார்ந்தார், பஸ் புறப்பட்டது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் டிலக்ஷிக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாகக் கிடந்தது. ஹாமதுரு பின்னால் இருக்க அவருடைய ஸீட்டில் போய் உட்கார யாருக்கு மனம் வரும், எழும்பிய இருவரும் உட்காரவில்லை, அகஸ்டினாவும் உட்காரவில்லை, நெருக்கியடித்து நிற்கிற பஸ்ஸில் அந்த ஒரு இடம் மட்டும் வளைவுக்கு வளைவு காலியாகவே போனது. எல்லாக் கண்ணும் அதில்தான். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை, பதில் சொல்லலாம், அழலாம், ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு வருகிறார்களே, அதை என்ன செய்வது. மகாராணி அலறலை மறந்து ம்ம்… ம்ம்… என்று பஸ்ஸின் இரைச்சலோடு சேர்ந்து முனகிக்கொண்டிருந்தாள், அவளுக்கு உலகம் சரியாகிவிட்டது. அகஸ்டினாவுக்கு ஆத்திரமாக வந்தது, பெற்ற பிள்ளைமேல் இப்படி ஒரு ஆத்திரம் வரலாமா, வந்தது, அந்தப் பின்னலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் என்ன என்று வந்தது. மேல் கம்பியைப் பிடித்திருந்த கையில் பல் பதிந்த இடம் வீங்கிக்கொண்டிருந்தது. ஸனூஸ் டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்க்காமல் பேசினான். 'கோவிச்சுக்காதீங்க அக்கா. நாளையில இருந்து இந்த ஸீட் தர ஏலா. மொதலாளி காதுக்குப் போனா என்ட வேலை போயிரும். பின்னுக்கு இருக்கிறதுன்டா வாங்க.' 'பின்னுக்கு இருக்க மாட்டா தம்பி.' 'அப்ப நான் என்ன செய்யிற அக்கா.' அவள் தலையை ஆட்டினாள். அவன் என்ன செய்வான்.

நாளையிலிருந்து இல்லை… அப்படியானால் பள்ளிக்கூடம் இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, தோள் இரண்டும் தாமாகவே இறங்கின, மூச்சு நீளமாக வந்தது, இதென்ன இது… நான் விடவில்லை, அவர்கள்தான் வேண்டாம் என்றார்கள், கபிரியேலிடமும் இதையே சொல்லலாம், டீச்சரிடமும், நான் என்ன செய்ய, பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்கிறார்கள். நாளைக்கு நான்கு மணிக்கு எழும்பத் தேவையில்லை. ஐந்தரைக்கு எழும்பலாம், தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடிக்கலாம், படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு பெரட்டுக்கு நடக்கலாம், கங்காணி பேர் கூப்பிடுவார், அகஸ்டினா, இந்தா இருக்கேங்க, பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள், 'வந்துட்டியா, எங்க டவுன்காரியக் காணோமேன்னு பாத்தோம்' என்று கேலி பண்ணுவார்கள், பண்ணட்டும், கயிற்றைத் தலையில் மாட்டிக் கூடையைப் பின்னால் தள்ளித் தேயிலை நிரையில் இறங்கினால் ஈரக் கொழுந்து, இரண்டு கையும் கொழுந்தில், இரண்டு கையும், எதையும் பிடித்துக்கொண்டிருக்காத கை, பத்து மணிக்குப் போத்தல் தேத்தண்ணீரும் ரொட்டியும், யாருடைய மருமகள் யாரோடு கோபம் என்று ஊர்க்கதை, வயிறு நோகச் சிரிப்பு, அவள் கடைசியாக எப்போது சிரித்தாள், மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தள்ளுமுள்ளு… பஸ் பதுளை டவுனுக்குள் நுழைந்தபோது அவள் அங்கே இல்லை, தோட்டத்து மேற்கணக்கு மலையில் இருந்தாள். முகத்தில் லேசாகச் சிரிப்புக்கூட இருந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டில் ஹாமதுரு முதலில் இறங்கினார், மற்றவர்கள் காத்திருந்தார்கள். படியில் நின்று ஸனூஸிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமாக மெல்ல நடந்தார். பஸ் காலியான பிறகுதான் டிலக்ஷி எழும்புவாள், அது அவளுடைய சட்டம், அதுவரை நின்று அகஸ்டினா பை வாரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஸனூஸ் பின்னாலேயே ஓடிவந்தான், முகமெல்லாம் வெளிச்சம். 'அக்கா, பிரச்சினை இல்ல. ஏழாங்கட்டைப் பன்சலைக்கு இந்த மாசந்தான் வந்தாராம், செவ்வாய்க்கிழம கிளினிக்குக்கு மட்டுந்தான் வாராராம். புள்ள அங்கயே இருக்கட்டும், எழுப்ப வேணாம், நான் பின்னுக்கு இருந்துக்கிறேன்டு சொல்லிட்டாரு. ட்ரைவருக்கும் கேட்டிச்சு. நாளைக்கு வழமை மாதிரி வாங்க.' எவ்வளவு நல்ல மனிதர்கள். காலில் கட்டுப் போட்ட ஒரு மனிதர் தன் ஸீட்டையே கொடுத்துவிட்டுப் போகிறார், வேலை போகுமோ என்று பயந்த பையன் ஓடிவந்து சந்தோஷமாகச் சொல்கிறான், அவளுக்கோ யாரோ வெளியே நின்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது போல இருந்தது. 'ரொம்ப நன்றி தம்பி, கடவுள் ஒங்கள நல்லா வச்சிருப்பாரு' என்று வாய் சொன்னது. வாய் எப்போதும் சரியாகத்தான் சொல்கிறது. நாளைக்கு நான்கு மணி. இடது சப்பாத்து முதலில். நீலக் கோப்பை. நாளை மறுநாளும். இவளுக்குப் பதினைந்து வயதாகும்போதும், இருபது வயதாகும்போதும், இந்த வாரைப் பிடித்துக்கொண்டு…

பள்ளி வாசலில் ஜெஸீமா டீச்சர் அவள் கையைப் பார்த்துவிட்டார். 'என்ன அகஸ்டினா, கை வீங்கியிருக்கு?' 'பஸ் கம்பி பட்டிருச்சுங்க டீச்சர்.' பிள்ளை கடிக்கிறாள் என்று எழுதிவிட்டால் பள்ளியிலிருந்து நிறுத்த அதுவும் ஒரு காரணமாகிவிடும், பொய் தயாராக நாக்கில் இருந்தது. டிலக்ஷி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்ப் பையைத் தன் கொளுவியில் மாட்டினாள். அகஸ்டினா மதிலோரம் உட்கார்ந்து கையைச் சேலைத் தலைப்பில் பொத்திக்கொண்டாள். மத்தியானம் வரை வேலையில்லை. கிடைக்காமல் போன நாளைதானே, இன்னும் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் யாருக்கு என்ன நட்டம், அவள் பாட்டுக்குத் திரும்பவும் மலைக்குப் போனாள், கூடை முக்கால்வாசி நிறைந்திருந்தது, பக்கத்து நிரையில் நின்ற பெண்களின் முகமெல்லாம் தெரிந்தது, யார் தலையில் என்ன நிறத் துணி என்றுகூடத் தெரிந்தது. டிலக்ஷி எங்கே? அகஸ்டினா நின்றாள். லயத்து அறையிலா, ஆனால் கதவைப் பூட்டியதாகவோ திறந்து வைத்ததாகவோ அவள் நினைக்கவில்லையே. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்திலா, ஐந்து வயதுக்கு மேல் அங்கே எடுக்கமாட்டார்கள். அந்த நாளையைக் காலையிலிருந்து திரும்ப ஓட்டிப் பார்த்தாள், தேத்தண்ணீருக்கு ஒரு கோப்பைதான் இருந்தது, பெரட்டுக்கு நடந்த பாதையில் தனியாகத்தான் நடந்தாள், பெண்கள் கேலி பண்ணினார்களே தவிர, பிள்ளை எப்படி இருக்கிறது, யாரிடம் விட்டுவந்தாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அவள் எழும்பிப் போய் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். டிலக்ஷி முதுகைக் காட்டிக்கொண்டு, அட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இருக்கிறாள். அகஸ்டினா மதிலோரத்துக்குத் திரும்பவில்லை, ஜன்னலிலேயே நின்றாள், பார்த்துக்கொண்டே, அந்த நாளைக்குள் பிள்ளையை இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.