அண்ணிக்கு ஒரு நாற்காலி

சாமுண்டீஸ்வரி வாயைத் திறந்தால் மேனாம்பேட்டில் தெருவே அடங்கும். அந்த வாயிடம் இருபது வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் பேபி, அவளுடைய தம்பி பெண்டாட்டி. குழம்பில் உப்பு, கோலத்தில் கோணல், புடவைக் கொசுவம், எதுவும் தப்பாது. அப்படிப்பட்ட நாத்தனார் ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு பாரிவாக்கத்து முதியோர் இல்லத்தில் சத்தமில்லாமல் கிடந்தது பேபிக்குப் பொறுக்கவில்லை.

பேபிக்கும் அவள் புருஷன் வேம்புலிக்கும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை, பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றுதான் சேர்த்தார்கள். வேம்புலி அக்காவைப் பார்த்தாலே தேம்பித் தேம்பி அழுவான். அவனைக் கூட்டிப்போய் என்ன பிரயோஜனம்? ஞாயிறுதோறும் பேபிதான் போனாள்.

ஒரு ஞாயிறு புடவை மாற்றிவிடும்போது முதுகில் புண்ணைப் பார்த்தாள். படுத்தே கிடந்ததால் வந்த புண்.

"அண்ணி, உன்னத் தூக்கி ஒக்கார வெக்கறதே இல்லியா?"

"கம்முனு கெட. ஆயாங்க காதுல வுழப் போவுது."

"வுழட்டுமே! ஆபீஸ் ரூம்ல புது பிளாஸ்டிக் நாற்காலிங்கள அடுக்கி வெச்சிகீறாங்க. எவனோ புண்ணியவான் உங்களுக்குன்னுதானே குடுத்தான்? நான் போய்க் கேக்கறேன்."

சாமுண்டீஸ்வரி நல்ல கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம்டி. நீ சண்ட போட்டுட்டு பஸ் ஏறி பூடுவே. அப்பால தாகம்னா தண்ணி குடுக்கறது அவங்கதான். எனக்கு பயமா கீது."

பயமா? இந்த வாயிலிருந்தா அந்த வார்த்தை? அடப்பாவிகளா, என் அண்ணியை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று பேபி மனசுக்குள் திட்டினாள்.

பேபி வேலை பார்த்த கம்பெனியில், குடிதண்ணீர் இல்லை என்று ஒருத்தி கேட்டால் மறுநாளே அவளை வேறு செக்‌ஷனுக்குத் தூக்கியடிப்பார்கள். அதனால் ஒருத்தி மட்டும் கேட்க மாட்டாள். ஒரே நாளில் எல்லோரும் ஒவ்வொருத்தியாகப் போய் அதே பேச்சைப் பேசுவார்கள். யாரைத் தூக்கியடிப்பது? அடுத்த ஞாயிறு பேபி பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நின்று, பழப்பையோடு இல்லத்துக்குப் போகிறவர்களை எல்லாம் பிடித்துப் பேசினாள். "எங்கம்மா முதுகுலயும் புண்ணு இருக்கும்மா. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றார் ஆவடி குவார்ட்டர்ஸ்காரர் கஜபதி.

அன்று நிர்வாகி ராஜசேகரனிடம் வந்தவர்கள் எல்லாம் ஒன்றையே கேட்டார்கள். "பெரியவங்கள சாயங்காலம் வராண்டாவுல நாற்காலி போட்டு ஒக்கார வைங்க சார்." மனுஷனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. விறுவிறுவென்று பெண்கள் கூடத்துக்கு வந்தார்.

"யாரும்மா இதக் கெளப்பி விட்டது? குறை இருந்தா வீட்டுக்கே கூட்டிட்டுப் போகலாமே!"

அவர் பார்வை பேபி மேல் வந்து நின்றது. பேபி அண்ணியைப் பார்த்தாள். நான்தான் என்றால் அண்ணிக்கல்லவா ஆபத்து?

"நாந்தான்யா கெளப்பி வுட்டேன்!"

கட்டிலிலிருந்து வந்தது குரல். வாய் கோணியிருந்தாலும் சத்தம் பழைய சத்தம்தான். "அவள இன்னாத்துக்கு மொறைக்கிற? முதுகு என்னுது, புண்ணு என்னுது. வந்து பாரு! பாத்துட்டு அப்பால பேசு!"

"எனக்கும் கீது சார்" என்றாள் பக்கத்துக் கட்டில் வசந்தா, மெதுவாக.

ராஜசேகரன் கிட்டே போய்ப் பார்த்தார். மனுஷன் முகம் செத்துப்போனது. "அந்த நாற்காலிங்கள எடுத்துட்டு வாங்க" என்று ஆயாக்களிடம் சொன்னார்.

வராண்டாவில் முதுகுக்குத் தலையணை கொடுத்து அண்ணியை உட்கார வைத்தாள் பேபி. மாலை வெயில் முகத்தில் விழுந்தது.

"இப்ப பயமா இல்லியா அண்ணி?"

"கீது. அதுக்குன்னு கண்டவனும் உன்ன மொறைப்பானா? உன்னத் திட்றதுக்கு நான் ஒருத்திதான்." அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாடி பொடவ கட்டிகீற? கொசுவம் கோணலா கீது."

பேபிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கொசுவத்தை அவள் சரிசெய்யவில்லை. அடுத்த ஞாயிறும் இப்படியே கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.