இனிஷியலில் போன பேர்

ரிவ்கா, மென்டல், ஃபைகா, லேயா, உதடுகள் மட்டும் அசைகின்றன, பெரம்பூர் வீட்டுக் கட்டிலில் கண்ணை மூடியபடி அப்பா ஒவ்வொரு பேராகச் சொல்கிறார், இனி டயாலிசிஸ் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்ட மூன்றாம் நாள் இது, அந்தப் பேர்களைத் தேடித் தந்தவள் நான், அவை தப்பு என்று தெரிந்தவளும் நான் மட்டும்தான். எங்கள் கொள்ளுத்தாத்தா ஹெர்ஷ் பிறந்தபோது அவர் ஊர் ஆஸ்திரியாவில் இருந்தது, பள்ளிக்கூடம் போனபோது போலந்து, பிறகு சோவியத், இப்போது உக்ரைன், மேப்பில் காட்டினேன், அப்பா சிரித்தார், நம்ம வீடு அங்கயேதான் இருந்திருக்கு பாப்பா, நாடுங்கதான் குடிவந்து குடிவந்து காலி பண்ணிருக்கு என்றார், அந்தச் சிரிப்பு நிஜமாகக் கேட்டதா, கனவில் கேட்டதா, கனவில் நானும் ஹெர்ஷ் வந்த கப்பலில் இருக்கிறேன், முப்பத்தொன்பதில் மெட்ராஸில் இறங்குகிறேன், யூதர் என்பதால் ஊரைவிட்டு ஓடிவந்த ஹெர்ஷ், தன் மகன் யாக்கோபைப் பள்ளியில் சேர்க்கிறார், குடும்பப் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்கிறார், கிளார்க் நிமிரவே இல்லை, அதெல்லாம் எதுக்கு சார், அப்பா பேர்ல மொத எழுத்து போதும், ஹெச். யாக்கோபு, அவ்வளவுதான், இத்தனை எல்லைகள் தாண்டி வந்த பேரை ஒரு புள்ளி விழுங்கிவிட்டது, யாக்கோபின் மகன் யா. எப்ராயீம், அது அப்பா, தெருவே எங்களைக் கிறிஸ்தவர்கள் என்று நினைத்துக் கிறிஸ்மஸுக்கு வாழ்த்துச் சொல்லும், அப்பா திருத்த மாட்டார், சேம் டு யூ என்பார்.

படுத்த பிறகு அவர் கேட்டது ஒன்றுதான், எங்க தாத்தா ஊர்ல விட்டுட்டு வந்தவங்க பேர் தெரியணும் பாப்பா, பிரார்த்தனைல ஒரு தடவையாவது சொல்லிட்டுப் போறேன். அந்த ஊர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன், குடும்பப் பேர் என்ற கட்டத்தில் நாம் பாஸ்போர்ட்டுக்கு எழுதுகிற பழக்கத்திலேயே யாக்கோபின் அப்பா பேரைப் போட்டேன், ஹெர்ஷ், பதில் வந்தது, ஹெர்ஷ் குடும்பம், நான்கு பேர், நாற்பத்திரண்டில் யூதர்கள் என்பதற்காக ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. போன வாரம் கொள்ளுத்தாத்தா பக்கத்தில் அப்பாவுக்கு இடம் கேட்கக் கல்லறைக்குப் போனேன், கல்லில் இருக்கும் எபிரேயம் எங்கள் யாருக்கும் வாசிக்கத் தெரியாது, காவலாளி பதிவேட்டைத் திறந்து காட்டினார், ஹெர்ஷ் ஸில்பர், ஸில்பர்தான் குடும்பப் பேர், மறுபடி எழுதினேன், ஸில்பர்களின் பக்கங்கள் போரில் எரிந்துவிட்டன என்று நேற்று பதில் வந்தது.

சொல்லாமல் விட்டிருக்கலாம், சொல்லிவிட்டேன், அப்பா, அவங்க நம்ம ஆளுங்க இல்ல, ஃபார்ம்ல நான்தான் தப்பா போட்டுட்டேன். உதடுகள் நின்றன. அப்ப நம்ம ஆளுங்க? ஒரு பேரும் மிஞ்சலப்பா. அப்பா கேட்டார், இந்த நாலு பேர விசாரிச்சு வேற யாராச்சும் எழுதிருக்காங்களாமா, இல்லப்பா, இத்தன வருஷத்துல நாமதான் மொத ஆளாம். அப்பா கண்ணைத் திறக்கவில்லை, ரிவ்கா என்றார், மென்டல், ஃபைகா, அங்கே நிறுத்தினார், லேயாவுக்கு என்ன வயசுன்னு போட்டிருந்தாங்க, நாலுப்பா என்றேன், அவர் குரலைத் தணித்து, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாதபடி அந்தப் பேரைச் சொன்னார்.