சம்பவ இடம்

எங்கள் குடியிருப்பில் யாரும் போலீசுக்குப் போன் செய்வதில்லை. அப்படி ஒரு விதி வந்துவிட்டது. ஒரே வருடத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று முறை போலீஸ் வந்தால் அந்த வீட்டின் ஒதுக்கீடு ரத்து. அமைதியான குடியிருப்புக்காக என்று நுழைவாயிலில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆம்புலன்சைக் கூப்பிட்டாலும் அதே கதைதான். அடிபட்ட கேஸ் என்றால் அவர்களே போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள். எந்த முகவரிக்கு வண்டி வந்ததோ அந்த முகவரியில் ஒன்று ஏறும்.

எங்கள் வீட்டுக்கு அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு ஏறியிருந்தது. முதல் முறை அக்காவே கூப்பிட்டாள். இரண்டாவது முறை கூப்பிட்டவர் மேல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், விவரம் தெரியாமல். மறுநாள் அக்கா வீங்கிய உதட்டோடு மேலே போய் அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

மாமா குடிகாரர் இல்லை. குடித்திருந்தால் ஒரு காரணமாவது சொல்லியிருக்கலாம். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் பதினாறு வருடம் உலை பார்த்தவர். தொழிற்சாலையைத் தனியாருக்குக் கைமாற்றியபோது, இனி கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார்கள். மாதத்தில் எட்டு நாள் கூப்பிட்டார்கள். மீதி நாளெல்லாம் வீடு.

வீடு என்றால் இரண்டு அறை. ஒன்றில் அவர்கள், ஒன்றில் நான். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு குளிர்பதனக் கிடங்கில் இராத்திரி வேலை பார்க்கிறேன். பகலில் தூங்குவேன். தூங்குவதுபோல் கிடப்பேன் என்பதுதான் சரி. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா கத்தமாட்டாள். மிக்சியைப் போட்டுவிடுவாள். காலி மிக்சி ஓடுகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். மிக்சி நின்ற பிறகும் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. எழுந்து போனேன். அக்கா அடுப்பு மேடைக்குக் கீழே, இடது விலாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு பாதிதான் உள்ளே போனது. மாமா கதவோரம் வெளிறிப்போய் நின்றார், அடி வாங்கியது அவர்தான் என்பதுபோல.

நான் போனை எடுத்தேன்.

"இங்கருந்து பண்ணாத," என்றாள் அக்கா.

"மூச்சு விட முடியலையேக்கா உன்னால."

"கீழ கொண்டு போ. ரோட்டுக்கு."

"நாலு மாடிக்கா."

"வீடு போனா எங்கடா போறது? நீ எங்க படுப்ப?"

இந்த வீட்டுக்காக அவள் ஒன்பது வருடம் காத்திருந்தவள். பெண்கள் காப்பகத்தில் இடம் கிடைக்க ஒரு வருடம் ஆகும். முதல் அடி விழுந்த வாரமே விசாரித்திருந்தாள். இதெல்லாம் உண்மை. என் கட்டில் எனக்கு வேண்டும் என்று அந்த நிமிடத்தில் நான் நினைத்ததும் உண்மை.

யாரும் கூப்பிடாமலே எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தோளில் நீளமாகக் கிழித்த போர்வை.

"இடுப்போட சேத்துக் கட்டுங்க. போன மாசம் ரெண்டாவது மாடிப் பொண்ணு வளைவுல நழுவிட்டா," என்றாள். "இந்த நாற்காலி எறக்குன அளவுக்கு ஆளுங்கள எந்த ஆம்புலன்ஸ்காரனும் எறக்கியிருக்க மாட்டான். இதுக்கு பென்ஷன் போட்டுக் குடுக்கலாம்."

அக்கா சிரிக்கப் பார்த்தாள். முகம் கோணிப்போனது.

நாற்காலியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இருந்தது நானும் மாமாவும்.

"நீ மேல்பக்கம் பிடி. கீழ்ப்பக்கம் நான் எடுத்துக்கறேன், வெயிட்டு எம்மேல வரட்டும்," என்றார் மாமா. உலையில் ஆட்களை வேலை வாங்கிய குரல். அதைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"பேசாம தூக்குங்க."

"மூலை, மூலை. பாத்துடா."

வழியில் கதவுகள் லேசாகத் திறந்து மூடின. ஒருவர் படிக்கட்டில் நிறுத்தியிருந்த சைக்கிளை எங்களுக்காக நகர்த்தி வைத்தார். என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. முதல் மாடி வளைவில் மாமாவுக்குக் கால் இடறியது. நாற்காலி சாய்ந்து சுவரில் இடித்தது. அக்காவிடமிருந்து விக்கல்போல ஒரு சின்னச் சத்தம். அதன் பிறகு அவள் பேசவில்லை.

ரோட்டோரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இறக்கி, தரையில் சாய்த்து உட்காரவைத்தோம். நாற்காலியைத் தையல்காரம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகுதான் போன் செய்தேன். முகவரி கேட்டார்கள். ரோட்டின் பெயரைச் சொன்னேன்.

மருத்துவமனையில் டாக்டரம்மா ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"விலா எலும்பு மூணு ஒடஞ்சிருக்கு. ஒண்ணு நுரையீரலக் குத்தியிருக்கு. அடிபட்டப்புறம் யாராவது தூக்குனீங்களா?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அசைக்காம படுக்க வச்சிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது. ட்யூப் போட்டிருக்கோம். ரெண்டு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

வாசல் பக்கம் ஒரு மேசை. அடிபட்டு வருகிறவர்களைப் பதிவு செய்கிற போலீஸ்காரர், ஓய்வு பெறுகிற வயது. பேனாவைத் திறந்தார்.

"சம்பவம் எங்க நடந்துச்சு?"

மாமா அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். உண்மையைச் சொன்னால் அவர் ஒரு வாரம் உள்ளே இருப்பார். வீடு ஒரேயடியாகப் போய்விடும். அக்கா பிழைத்து எழுந்தால் எங்கே கூட்டிப்போவது? பொய் சொன்னால் அவள் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தில்தான் அவரும் இருப்பார்.

"ரோட்டுல," என்றேன்.

"எப்படி?"

"ஒரு வண்டி இடிச்சிட்டு நிக்காமப் போயிடுச்சு."

"என்ன வண்டி?"

"பாக்கல சார்."

அவர் எழுதவில்லை. "ஆறு மாசத்துல உங்க வாசல்ல இது பதினோராவது பொம்பள. அந்த ரோட்டுல எந்த வண்டியும் ஆம்பளைய இடிக்க மாட்டேங்குது."

அவர் பேனாவைப் பிடித்தபடி இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். எனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. பிறகு குனிந்து எழுதினார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்றாவது வாரம் சாலைத் துறையிலிருந்து நாலு பேர் நாடாவோடு வந்து அளந்தார்கள். விபத்து அதிகம் நடக்கிற இடமாம். இரண்டே நாளில் எங்கள் வாசலுக்கு நேரே ஒரு வேகத்தடை போட்டு வெள்ளைக் கோடும் அடித்துவிட்டார்கள். குடியிருப்பு அலுவலகத்தில் ஒரு புது அறிவிப்பு தொங்கியது. வீட்டு வன்முறைப் புகார்கள் பாதியாகக் குறைந்துவிட்டன, ஒத்துழைப்புக்கு நன்றி, இந்த விதி மற்ற குடியிருப்புகளுக்கும் விரிவுபடுத்தப்படும்.

அவளை வாடகை வண்டியில் கூட்டிவந்தோம். மாமா முன்னால், நானும் அவளும் பின்னால். வாசல் நெருங்கியதும் வண்டி தூக்கிப் போட்டது. அக்கா விலாவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"மெதுவாப் போப்பா, உடம்பு முடியாதவ இருக்கால்ல," என்று மாமா ஓட்டுநரைக் கடிந்துகொண்டார்.

வண்டி நின்றது. அவரே இறங்கி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். அக்கா அசையவில்லை. அவரைப் பார்க்கவில்லை, கட்டடத்தையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைக் கவனித்தார்.

"எறங்குக்கா," என்றேன்.