வெர்லின் கழற்றிய கிளட்ச்

பனி இன்னும் விழத் தொடங்கவில்லை. அதற்குள் டார்லிஸ் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

"வெர்லின், இந்தக் குளிருக்கு கர்ட்டிஸ் ஒரு லாரிக்காரனை ஏற்பாடு பண்ணிட்டான். பனி விழுந்தா அவனே வந்து தள்ளிட்டுப் போயிடுவான். நீங்க இனிமே சிரமப்பட வேண்டாம்."

"அப்படியா. நல்லது," என்றார் வெர்லின். அமெரிக்காவின் குளிர் மாநிலமான மின்னசோட்டாவில் பிறந்து வளர்ந்த மனிதர். தலையில் கூரை இடிந்து விழுந்தாலும் முதலில் "நல்லது" என்றுதான் சொல்வார்.

கர்ட்டிஸ், டார்லிஸின் மகன். நகரத்தில் வேலை. அவள் கணவர் இறந்ததிலிருந்து, சோள வயலுக்கு அந்தப் பக்கம் இருந்த அவள் வீட்டு வாசல்பாதையை ஒவ்வொரு குளிர்காலமும் வெர்லின்தான் தன் பழைய தோட்ட டிராக்டரால் சுத்தம் செய்துவந்தார். கூலி கிடையாது. அக்கம்பக்கத்தில் கூலி பேசுவது அங்கே மரியாதைக் குறைவு. வேலை முடிந்ததும் சமையலறையில் காபியும், பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட ஒரு துண்டு இனிப்பும் கிடைக்கும். அரை மணி நேரம் பேச்சு. அவ்வளவுதான்.

அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவர் பனிக்குக் காத்துக்கிடந்தார். கல்யாணம் செய்துகொள்ளாமலே பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலை எதுவும் இல்லாமல் ஒரு பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. கோடைக்காலம் முழுக்க அவளைத் தேவாலயத்தில் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

போன மார்ச்சில் நடந்ததுதான் காரணம் என்று அவருக்குப் புரிந்தது. பாதி வேலையில் டிராக்டரின் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. எஞ்சின் உறுமியது, ஆனால் முன்னால் மாட்டியிருந்த பனி வாரும் கருவி சுழலவில்லை. மிச்சத்தை மண்வெட்டியால் அள்ளி, மூச்சு வாங்க நின்றதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். தானும் தன் டிராக்டரும் இனி உதவமாட்டோம் என்று முடிவு கட்டியிருப்பாள் என நினைத்துக்கொண்டார்.

கிளட்சைச் சரி செய்துவிட்டால், முதல் பனி விழுந்ததும் லாரி வருவதற்கு முன்பே போய் நின்றுவிடலாம். அந்த எண்ணத்தோடு கொட்டகையில் அதைக் கழற்றிப் போட்டார். கூடப் படித்த நண்பர் ஆரின் வந்து குனிந்து பார்த்தார். ஊரில் சின்ன எஞ்சின்களைப் பழுது பார்க்கும் கடை அவருடையது.

"ஏம்ப்பா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவின மாதிரி இருக்கே. எவ்வளவு கிரீஸ் வெச்சே?"

"கிரீஸ் துப்பாக்கியால ரெண்டு அழுத்து. அப்புறம் மனசு கேக்காம இன்னும் ரெண்டு. வருஷா வருஷம் வைக்கிறதுதானே."

"பேரிங்குக்குப் போக மிச்சமெல்லாம் எங்க போகும்? கிளட்சைப் பிடிக்கவைக்கிற உராய்வுப் பட்டையில போய் ஒட்டிக்கும். வழுக்கி வழுக்கியே தேஞ்சுபோச்சு. நல்லா கவனிச்சே கெடுத்திருக்கே நீ."

வெர்லின் விரலில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"பேசாம புதுசு ஒண்ணு வாங்கிடேன்."

"இதுக்கென்ன? நல்லாத்தானே இருக்கு."

"டிராக்டரைச் சொல்றியா, டார்லிஸைச் சொல்றியா?"

வெர்லின் கையிலேயே இருந்த ஸ்பானரைத் தேடத் தொடங்கினார். ஆரின் சிரித்துக்கொண்டே புதுப் பட்டையையும் பசையையும் எடுத்து வைத்தார். "ஒட்டினதும் கிளாம்ப் போட்டு இறுக்கு. ஒரு முழு நாள் சூடான இடத்துல கிடக்கட்டும். அவசரப்பட்டு ஓட்டினே, பிஞ்சு வந்துடும்."

பழைய பட்டையைச் சுரண்டி, கிளட்ச் தகட்டை எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, புதியதை ஒட்டினார். இறுக்கிய தகட்டைச் சமையலறை அடுப்பின் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் காலை கண்விழித்தபோது வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. தகட்டின் விளிம்பை நகத்தால் அழுத்திப் பார்த்தார். பசை இன்னும் இளகியே இருந்தது. இப்படியே மாட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு தகட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஜன்னலருகே உட்கார்ந்தார். வயலுக்கு அப்பால் லாரியின் ஆரஞ்சு விளக்கு சுற்றிச் சுற்றி வந்து, கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.

அடுத்த நாள் எல்லாவற்றையும் மாட்டி, தகடுகளுக்கு நடுவே இடைவெளியை அளவாக வைத்து, கருவியைச் சுழலவைக்கும் நெம்புகோலைத் தள்ளினார். கிளட்ச் கச்சிதமாகப் பிடித்தது. தன் வாசலைச் சுத்தம் செய்து முடித்த பிறகும் வண்டியை நிறுத்த மனம் வரவில்லை. அப்படியே டார்லிஸின் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே வாசல் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. நட்டநடுவில் நின்று, செய்வதறியாமல் நெம்புகோலைத் தள்ளினார். வாருவதற்கு ஒன்றுமில்லாமல் கருவி சும்மா சுழன்றது.

கதவு திறந்தது. டார்லிஸ் கையெல்லாம் மாவோடு எட்டிப் பார்த்தாள்.

"என்ன வெர்லின், எதை வார்றீங்க?"

"கிளட்சைச் சரி பண்ணிட்டேன். இப்ப வழுக்கலை."

"தெருமுனை வரைக்கும் கேக்குதே." அவள் படியில் இறங்கி வந்தாள். "மார்ச்ல நீங்க மூச்சு வாங்கினதைப் பாத்து எனக்குப் பயமாப் போச்சு. அதான் கர்ட்டிஸ்கிட்ட சொன்னேன்."

"நான் வேற மாதிரி நினைச்சுட்டேன்."

"எப்படி?"

அவர் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உதவுவதைப் போல அவள் வீட்டின் பக்கவாட்டில், வீட்டைச் சூடாக்கும் கேஸ் தொட்டி இருந்த இடத்தைக் காட்டினாள். "அந்த லாரிக்காரன் பனியெல்லாத்தையும் கேஸ் தொட்டி முன்னாடி குவிச்சுட்டான். கேஸ் கொண்டுவர்றவர் எப்படிப் போவார்? உங்களால முடிஞ்சா..."

நல்ல வேலை. அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். பிறகு காபி, பிறகு வீடு, பிறகு பனி உருகும் வரை இப்படியே. அதன் பிறகு மறுபடியும் கோடை. வெர்லின் நெம்புகோலில் கை வைத்தபடி அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு கையை எடுத்து, எஞ்சினை அணைத்தார்.

"அதுக்காக நான் வரலை, டார்லிஸ். உங்ககூட உக்காந்து காபி குடிக்க வந்தேன். நாளைக்கும் வரணும்னு தோணுது. பனி இல்லேன்னாலும்."

அவள் மாவுக் கைகளை ஏப்ரனில் மெதுவாகத் துடைத்தாள்.

"காபி இன்னும் போடலை," என்றாள். "நான் மெதுவாத்தான் போடுவேன்."

"பரவாயில்லை."

கேஸ் தொட்டியின் நினைவு இருவருக்கும் பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தது.