ரோசம்மாவுக்கு வந்த மூன்று கடிதங்கள்

இலங்கையின் கஹவத்தையில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இருந்த பெண்கள் உதவி நிலையத்தில், இரகசியம் காப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். அடிபட்டு வரும் பெண்ணுக்குக் கடிதம் போடும்போது உறையின் மேல் நிலையத்தின் பெயர் இருக்காது. பழுப்பு உறை, ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், அவ்வளவுதான். முறையைக் கண்டுபிடித்தவள் சரோன். இரண்டாயிரத்து ஏழில் அந்த நிலையத்தில் வேலை பார்த்தவளும் அவள் ஒருத்திதான் என்பதால், பாராட்டுவதற்கு ஆள் இல்லை.

பெப்ரவரியில் ரோசம்மா வந்தாள். ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். இடது மணிக்கட்டு முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. "விறகுக் கட்டைங்க," என்றாள், காய்கறி விலை சொல்வதுபோல. புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது, அடிக்கிறவன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று கோர்ட்டே சொல்லும் என்று சரோன் விளக்கினாள். செவ்வாய்க்கிழமைகளில் இரத்தினபுரியில் இருந்து சட்டத்தரணி வருவார், எந்தச் செவ்வாய் என்று கடிதம் போடுகிறோம் என்றாள். ரோசம்மா தலையாட்டினாள். விண்ணப்பப் பாரத்தில் 'கணவரின் தொழில்' என்ற இடத்தில் சரோன் கேட்காமலே 'தோட்டத் தொழிலாளி' என்று எழுதினாள். எல்லோருக்கும் அதைத்தான் எழுதுவது.

மார்ச்சில் ஒரு கடிதம், ஏப்ரலில் ஒன்று, மே மாதம் ஒன்று. ரோசம்மா வரவில்லை. மூன்று தடவை வராவிட்டால் 'பயனாளிக்கு ஆர்வமில்லை' என்று எழுதிக் கோப்பை மூட வேண்டும் என்பது மேலிடத்து விதி. சரோன் எழுதி மூடினாள். மூடிய பிறகும் அந்தக் கோணல் கை மனதை விட்டுப் போவதாக இல்லை. ஜூன் மாதம், மனுவுக்கான தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் தோட்டத்துக்கே போனாள்.

மூன்றாம் நம்பர் மலையில் ரோசம்மா வலது கையால் மட்டும் பறித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு கடுதாசி போட்டேனே அக்கா. ஏன் வரல?"

"எனக்கு ஒண்ணும் வரலைங்க மிஸ்."

"இங்க தபால் யாரு கொண்டாறாங்க?"

"எங்க வீட்டுக்காரருதாங்க. அவருதானே தபால்காரரு."

சரோனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"நீங்க கேக்கலைங்களே."

லயத்துக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள், தனி விலாசம் கிடையாது. தோட்டத்துக்கு வரும் கடிதம் எல்லாம் ரோசம்மாவின் கணவன் ஜூலியஸின் பையில்தான் வர வேண்டும். காலையில் தபாற்கந்தோருக்கு நடந்து போவான். மத்தியானம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுவை மடுவத்தில், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பான். பத்தொன்பது வருடத்தில் ஒரு கடிதம் தொலைந்ததில்லை என்று தோட்டத்தை நடத்தும் துரையே மெச்சியிருக்கிறார். வீட்டுக்கு வெளியே அவனைப்போல் தங்கமான மனிதன் இல்லை.

"என்கூட வந்துருங்க அக்கா."

"நான் எங்கேயும் வரமாட்டேங்க. வேலையும் காம்பராவும் என் பேருலதான் இருக்கு. போறதா இருந்தா அவரு போகட்டும்." கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஜூலையில் கோர்ட்டின் இடைக்காலக் கட்டளை கிடைத்தது. நகல் பொலிசுக்குப் போனது. அசல் பதிவுத் தபாலில் ஜூலியஸுக்கு. அதாவது, ஜூலியஸின் பைக்கு. அதையும் அவன் விழுங்கிவிட்டால், அந்தக் கோபத்தை ரோசம்மாவின் மற்றக் கைதான் தாங்க வேண்டும். சரோன் நாளைக் கணக்கிட்டு, செவ்வாய்க்கிழமை நிறுவை மடுவத்தில் போய் நின்றாள். பொலிசையும் கூப்பிட்டிருந்தாள். ஜீப்புக்கு டீசல் இல்லையாம்.

ஜூலியஸ் வந்தான். கடிதத்தை ஒளிக்கவில்லை. அரச முத்திரை தெரியும்படி சட்டைப் பையில் செருகியிருந்தான். ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்தவனுக்கு, அவன் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது. கடிதம் சிங்களத்தில் இருந்தது. சிங்களம் சரளமாகப் பேசுவான், வாசிக்கத் தெரியாது. சேவையைப் பாராட்டி ஏதோ விருது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். தராசடியில் நின்ற பெரிய கிளாக்கரிடம் நீட்டி, "கொஞ்சம் சத்தமா வாசிங்க ஐயா, எல்லாருக்கும் கேக்கட்டும்," என்றான்.

பெரிய கிளாக்கர் எதையும் பாதியில் நிறுத்தும் பழக்கம் இல்லாதவர். முத்திரையில் இருந்து தொடங்கினார். மனைவி ரோசம்மாவைக் கையாலும் காலாலும் விறகுக் கட்டையாலும் அடித்தமை. இன்று முதல் காம்பராவுக்குள் நுழையத் தடை. விசாரணைத் திகதி. நகல், பொலிஸ் நிலையத்துக்கு. வரிசையில் நின்ற அறுபது பெண்களுக்கும் சிங்களம் விளங்கும். பதிவாளரின் கையொப்பம் என்பதையும் வாசித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்து, "அடுத்த ஆள்," என்றார்.

அடுத்த ஆள் ரோசம்மா. ஒன்பது கிலோ. மற்றவர்கள் பதினெட்டுக்குக் குறையவில்லை. ஏன் ஒன்பது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

கூடையை இறக்கிவிட்டு அவள் ஜூலியஸின் முன்னால் போய் நின்றாள்.

"என் கடுதாசி மூணு இருக்கு. குடுங்க."

ஜூலியஸ் கிளாக்கரைப் பார்த்தான். பெண்களைப் பார்த்தான். பிறகு பையின் உள்ளறையில் கைவிட்டு மூன்று பழுப்பு உறைகளை எடுத்தான். பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. பெண்டாட்டிக்கு எதற்குக் கடிதம் என்று தோன்றியிருக்கும். கிழித்துப் போடவும் தொழில் விடவில்லை. நீட்டினான். ரோசம்மா வாங்கவில்லை.

"மத்தவங்களுக்குப் பேரு சொல்லித்தானே குடுக்கிறீங்க."

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவன் அவளை 'ஏய்' என்பதற்கு மேல் கூப்பிட்டதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "ரோசம்மா," என்றான்.

"பின்னால கேக்கல," என்றாள் வரிசையில் ஒருத்தி.

"ரோசம்மா."

வாங்கிக்கொண்டாள். கிளாக்கர் தராசில் இருந்து கண்ணை எடுக்காமல், "காம்பராச் சாவியையும் குடு, ஜூலியஸ்," என்றார். அதையும் கொடுத்தான்.

கஹவத்தை பஸ்ஸில், சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, ரோசம்மா முதல் உறையைப் பிரித்துச் சரோனிடம் தந்து வாசிக்கச் சொன்னாள். தான் மார்ச்சில் எழுதியதைச் சரோன் வாசித்தாள். சட்டத்தரணியைச் சந்திக்க, வரும் செவ்வாய்க்கிழமை நிலையத்துக்கு வரவும்.

"இன்னைக்குச் செவ்வாக்கிழமதானேங்க மிஸ்?"

"ஆமா அக்கா."

"அப்ப சரியாத்தான் போறேன்," என்றாள் ரோசம்மா.