தெரிந்தவர் திருத்தலாம்

தையல்காரர், தன் மனைவியின் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய உடல் வர இன்னும் நேரம் இருந்தது. ஊருக்கெல்லாம் சொன்ன தேதியில் தைத்துக் கொடுக்கிற மனுஷன், வீட்டுச் சட்டையை மட்டும் "நாளைக்கு, நாளைக்கு" என்று இழுத்தடித்திருந்தார்.

முந்தின நாள் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. மேம்பாலத்திலிருந்து பஸ்ஸை இறக்கி, ஓரங்கட்டி நிறுத்தி, கதவையும் திறந்துவிட்ட பிறகுதான் ஸ்டியரிங்கில் சாய்ந்தாள். பயணிகளில் ஒருவருக்குக்கூடச் சின்னக் கீறல் இல்லை. இப்படி ஒரு பொம்பளையை எங்கே பார்க்க முடியும் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. கேட்கக் கேட்க அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைசி நேரத்தில் தன்னையும் மகளையும் ஒரு தடவையாவது நினைத்திருப்பாளா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

மகள் நேற்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை. மூலையில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய வகுப்பு டீச்சர் நாலைந்து பிள்ளைகளோடு வந்தார். கையில் ஒரு தாள். தையல்காரரைத் தனியே கூப்பிட்டார்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. பிள்ளைங்க தினமும் ஒரு செய்திய எடுத்து, சேர்ந்து கவிதை எழுதுவாங்கல்ல... இன்னைக்குக் காலையில பஸ் செய்தியத்தான் எடுத்தாங்க. பேப்பர்ல பேரு போடல. எழுதி முடிச்ச பிறகுதான் யாரோட அம்மான்னு தெரிஞ்சுது. ஒரே அழுகை. கிழிச்சுரலாம்னு சொன்னா, அவளக் கேக்காம கிழிக்கக் கூடாதுங்கறாங்க."

அந்தக் கவிதைகள் அவருக்குப் பழக்கம்தான். போர், காட்டுத் தீ, வெள்ளம் என்று உலகத்துத் துக்கத்தையெல்லாம் மகள் சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பாள். "சாப்பிட விடுடி" என்று அலுத்துக்கொள்ளும் அம்மாக்காரிதான் மறுபடியும் வாசிக்கச் சொல்வாள். அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் கவிதையைத் திருத்தலாம். வெள்ளத்தில் வீட்டை இழந்து வந்து சேர்ந்த ஒரு பெண், 'இரைச்சலோடு வந்தது வெள்ளம்' என்ற வரியை அடித்துவிட்டு, 'சத்தமே போடாமல் கட்டிலுக்கடியில் வந்து நின்றது' என்று எழுதினாளாம். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் அவருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

தாளை வாங்கிப் படித்தார். நன்றாக எழுதியிருந்தார்கள். கடைசி வரியில் கண் நின்றுவிட்டது.

'கண் இருட்டியபோது அவள் தன் வீட்டை நினைத்தாள்.'

ஒவ்வொரு பிள்ளையையும் வாரி அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெரியவர்கள் ஒருத்தரும் சொல்லாததை இந்தப் பொடிசுகள் சொல்லிவிட்டன.

மகள் எழுந்து வந்து தாளை வாங்கினாள். படித்து முடித்து, "பேனா குடு" என்றாள் தோழியிடம். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கடைசி வரியை அடித்தாள்.

"அது இருக்கட்டுமேம்மா." தையல்காரர் தாளுக்குக் கை நீட்டினார்.

"இல்லப்பா. ஸ்டியரிங்கப் பிடிச்சா அம்மாவுக்கு வீட்டு ஞாபகமே வராது. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீங்க போன் மேல போன் போட்டீங்களே, எடுத்தாங்களா? பஸ்ஸ விட்டு எறங்குற வரைக்கும் உள்ள இருக்கறவங்கதான் என் பிள்ளைங்கன்னு சொல்லுவாங்க." அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "சரிதானேப்பா?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். தலையாட்டினால் அந்த வரி போய்விடும். ஆனால் இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"சரிதான்மா. உங்கம்மா அப்படித்தான்."

மகள் தரையில் உட்கார்ந்து, அடித்த வரிக்குக் கீழே எழுதத் தொடங்கினாள்.

'தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தாள். எல்லோரும் இருந்தார்கள்.'

மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. தையல்காரர் குனிந்து, அடிக்கப்பட்ட வரியின் மேல் விரல்களை ஊன்றி, அவள் எழுதி முடிக்கும்வரை தாளைப் பிடித்துக்கொண்டார்.