கணு இல்லாத இலை

எய்வோர் என்கிற என் தங்கை நோயில் படுக்கையில் விழுந்த பனிக்காலத்தில், அவள் சமையலறை ஜன்னலை முழுக்கச் சுற்றிப் படர்ந்திருந்தது, பீங்கான் மாதிரிப் பளபளக்கும் பூ விடும் அந்தப் பீங்கான்பூக் கொடி. அவள் கல்யாணம் ஆன வருஷம் வைத்தது. ஒருநாள் பார்க்கப் போனபோது சொன்னாள்:

"அக்கா, அந்தக் கத்தரிக்கோலை எடு. நல்ல குச்சியா பாத்து வெட்டித் தரேன்."

"வேண்டாம்டி. கையில வாங்கினா வேர் பிடிக்காது. நான் திருடிக்கறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிப் படு."

எங்கள் ஊரான ஹெர்னேசாண்டில் செடி விஷயத்தில் இதுதான் முறை. கொடுத்தால் நன்றி சொல்லக் கூடாது. திருடினால் இன்னும் விசேஷம்.

"முப்பது வருஷம் வீடு வீடா தபால் கொடுத்தே, ஒரு கடுதாசி திருடினதில்ல. கடைசியில என்கிட்டயா ஆரம்பிக்கிறே?" என்று சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பினாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. அந்தப் பதற்றத்தில் கைக்கு வந்ததைக் கிள்ளிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அவள் முதுகைத் தடவிக் கொடுக்க ஓடினேன். பதினோராம் நாள் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வீட்டில் எல்லோருக்கும் காப்பி. கேக் மேஜைக்கு இடம் வேண்டுமென்று அவள் புருஷன் ஸ்டூரெ கொடியைத் தொட்டியோடு தூக்கிக் கணப்பில்லாத கண்ணாடி முன்கூடத்தில் வைத்தானாம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. இரண்டு நாள் யாருக்கும் நினைவில்லை. பார்க்கும்போது கொடி கறுத்து, வெந்த கீரை மாதிரி தொங்கியது.

"பாவி மனுஷா, அவளையும் அனுப்பிட்டு இதையும் அனுப்பிட்டியா!" என்று கத்தினேன். அவன் மேஜையில் தலையை வைத்து அழுதான். அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். என் வாய் அப்படி.

எய்வோரின் மகள் யில்வாதான் வந்து என் கையைப் பிடித்தாள். "விடுங்க பெரியம்மா. உங்ககிட்ட ஒரு துண்டு இருக்கில்ல? அம்மா சொன்னாங்க. அது பெருசானா எனக்கு ஒரு குச்சி தரணும்."

"தராம? உனக்குத்தான் முதல்ல."

வாக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் தம்ளர் தண்ணீரில் நின்றது ஒரே ஓர் இலை. மாதம் திரும்புவதற்குள் வெள்ளையாக வேர் விட்டது. மண்ணில் வைத்தேன். தினமும் காலையில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பேன். ஒரு வருஷம் போனது, இரண்டு வருஷம் போனது. இலை பளபளவென்று பச்சையாகத்தான் இருந்தது. முளை மட்டும் வரவில்லை.

நூலகத்தில் வசந்தத்தில் செடி மாற்றிக்கொள்ளும் நாள் வந்தபோது தொட்டியோடு போனேன். செடி விஷயம் எல்லாம் தெரிந்த பார்ப்ரோ மண்ணை விரலால் ஒதுக்கிப் பார்த்தாள்.

"இதுல கணுவே இல்லையே. வெறும் காம்பைக் கிள்ளியிருக்கே. பத்து வருஷம்கூடப் பச்சையா இருக்கும், ஆனா கொடி வராது. கணுவோட சேர்த்து வெட்டணும்னு யாரும் சொல்லலையா?"

"உன்னை யாரு கேட்டா!" என்று சீறிவிட்டு வந்தேன். தெரு முழுக்க அழுதுகொண்டே நடந்தேன். எய்வோர் வெட்டித் தருகிறேன் என்றாளே! கணு பார்த்து, பதமாக வெட்டித் தந்திருப்பாளே! திருட்டாம், முறையாம்.

அந்தக் கோடையில் யில்வா வீடு வாங்கினாள். "தெற்கு ஜன்னல் பெரியம்மா! அம்மா கொடிக்காகவே காலியா வச்சிருக்கேன்" என்று போனில் குதித்தாள். என்னால் சொல்ல முடியவில்லை. மறுநாள் செடிக்கடையில் ஒரு பீங்கான்பூத் தொட்டி வாங்கினேன். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன்: இரண்டு கணுவோடு சேர்த்து வெட்டி, பால் வடிந்ததை வெதுவெதுப்பான நீரில் கழுவி, தண்ணீரில் நிறுத்தி வேர் வரவைத்தேன். மீதிச் செடியை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். குச்சியைக் கொண்டுபோய் யில்வா கையில் வைத்தபோது அவள் அதை முகத்தோடு ஒட்டிக்கொண்டாள். நான் ஜன்னலைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அமோகமாக வந்தது. மூன்றாம் வருஷம் பூத்தது. "அம்மா வாசனை பெரியம்மா, வீடு பூரா!" என்று போனில் விசும்பினாள். கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் துண்டு கொடுத்திருக்கிறாளாம், அம்மாவுடையது என்று சொல்லி. அவள் வரும்போதெல்லாம் என் ஒற்றை இலையைப் படுக்கையறையில் ஒளித்து வைத்துவிடுவேன்.

போன வியாழக்கிழமை அவள் சொல்லாமல் வந்தாள். நான் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"இந்த ஒத்தை இலையை எதுக்குப் பெரியம்மா வச்சிட்டு இருக்கீங்க? கணு இல்ல, சும்மா மண்ணை அடைச்சிட்டு. அம்மாவோடது உங்ககிட்டயே இல்லைன்னா எப்படி? இந்தாங்க, கொண்டாந்திருக்கேன்."

போய்ப் பார்த்தால் அந்தத் தொட்டியில் புதுக் குச்சி நிற்கிறது. மண்ணை அழகாகத் தட்டிவிட்டிருக்கிறாள். பழைய இலையைப் போட்டு மக்கும் குப்பைப் பையைக் கட்டிக் கையில் வைத்திருந்தாள். கீழே குப்பை வண்டியின் சத்தம்.

"ஐயோ, வண்டி வந்துடுச்சு! நானே போட்டுட்டு வரேன்" என்று படியிறங்கி ஓடினாள்.

நில்லுடி என்று கூப்பிட வாசல்வரை ஓடினேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவள் ஜன்னல், அவள் பூ, அவள் கொடுத்த துண்டுகள் எல்லாம் ஒரு நிமிஷத்தில் பொய்யாகிவிடும். படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி கிளம்பிப் போனது.

மூச்சிரைக்க மேலே வந்தாள். "கரெக்டா பிடிச்சிட்டேன்!" என்று சிரித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "என்ன பெரியம்மா, ஏன் அழறீங்க?"

"ஒண்ணுமில்ல. உங்கம்மா ஞாபகம்."

"அசடு" என்று என்னைக் கட்டிக்கொண்டு, தொட்டியைக் காட்டினாள். "அம்மா இதோ இருக்காங்களே."